செலவுக்குப் பின் வரும் கேள்வி

வரிப்பணத்தை ஓர் அமைச்சர் தம் விருப்பப்படி எடுத்துச் செலவிட முடியாது. வரியும் அரசு வாங்கும் கடனும் வந்து சேரும் பெருங்கணக்குக்குத் தொகுப்பு நிதி என்று பெயர். சட்டத்தின் அனுமதியின்றி அதிலிருந்து ஒரு ரூபாயும் வெளியேறக் கூடாது என்கிறது அரசமைப்புச் சட்டத்தின் 266-ஆவது பிரிவு. அந்த அனுமதிக்காகத்தான் ஒவ்வோர் ஆண்டும் துறைவாரியாக மானியக் கோரிக்கைகள் மக்களவைக்கு வருகின்றன. எல்லாவற்றையும் விவாதிக்க நேரம் கிடைப்பதில்லை. குறித்த நாள் முடிந்ததும் எஞ்சியவை மொத்தமாக வாக்கெடுப்புக்கு விடப்படும். 2018 மார்ச்சில் எல்லாத் துறைகளின் கோரிக்கைகளும் விவாதிக்கப்படாமலே நிறைவேறின.

ஆகவே, செலவுக்குப் பின் நடக்கும் சோதனைக்குக் கனம் கூடுகிறது. அதைத் தொடங்கி வைப்பவர் சிஏஜி எனப்படும் தலைமைக் கணக்குத் தணிக்கையாளர். உச்ச நீதிமன்ற நீதிபதியை நீக்குவது எவ்வளவு கடினமோ, அவரை நீக்குவதும் அவ்வளவு கடினம். ஒதுக்கிய பணம் ஒதுக்கிய காரியத்துக்கே போனதா, விதிப்படி போனதா, பலன் கிடைத்ததா என்று அவருடைய துறை பார்க்கிறது. கட்டி முடித்தும் மின் இணைப்பு இல்லாமல் பூட்டிக் கிடக்கும் கட்டடம், நிதியாண்டின் கடைசி நாளில் அவசரமாக எடுத்து வேறு கணக்கில் போட்டுவைத்த தொகை, பயன்பாட்டுச் சான்றிதழ் வராத மானியம் போன்றவை இப்படித்தான் வெளிச்சத்துக்கு வருகின்றன. திட்டமே தேவையா என்பது அவர் கேட்கும் கேள்வி அல்ல.

தணிக்கையில் குறை சொல்லப்பட்டாலே குற்றம் நிரூபணமாகிவிட்டது என்று பலர் எண்ணுகிறார்கள். 2ஜி அலைக்கற்றை விவகாரத்தைப் பாருங்கள். ஏறத்தாழ 1.76 லட்சம் கோடி ரூபாய் வரை வருவாய் இழப்பு ஏற்பட்டிருக்கலாம் என்று 2010-இல் சிஏஜி மதிப்பிட்டார். தொலைத்தொடர்பு நிறுவனங்களுக்குக் கொடுத்த 122 உரிமங்களை உச்ச நீதிமன்றம் 2012-இல் ரத்து செய்தது. 2017-இல் சிறப்பு நீதிமன்றம் குற்றம் சாட்டப்பட்டவர்களை விடுவித்தது. அரசுக்கு எவ்வளவு வந்திருக்கலாம், உரிமம் கொடுத்த முறை சரியா, இன்னார் குற்றம் செய்ததற்குச் சான்று உண்டா என இவை மூன்றும் தனித்தனிக் கேள்விகள்.

சிஏஜியின் அறிக்கை நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்டதும் பொதுக்கணக்குக் குழுவுக்குப் போகிறது. 1921-இல் தோன்றிய இந்தக் குழுவில் இப்போது மக்களவையிலிருந்து 15 பேரும் மாநிலங்களவையிலிருந்து 7 பேரும் இருக்கிறார்கள். அமைச்சர்களுக்கு இடமில்லை. 1967 முதல் எதிர்க்கட்சி உறுப்பினரே தலைவராக இருப்பது மரபு. ஆனால், உறுப்பினர்கள் கட்சிகளின் பலத்துக்கேற்பத் தேர்வாகிறார்கள். 2011-இல் 2ஜி பற்றித் தலைவர் தயாரித்த வரைவு அறிக்கையைக் குழுவின் பெரும்பான்மை உறுப்பினர்கள் நிராகரித்தார்கள். அது மக்களவைத் தலைவரிடம் போய்த் திரும்பி வந்தது.

குழுவின் முன் அமர்ந்து பதில் சொல்பவர்கள் துறைச் செயலாளர்கள். கணக்கு குறித்துச் சாட்சியமளிக்க அமைச்சரை அழைப்பதில்லை. கணக்குக்கு அதிகாரியும், அதன் பின்னுள்ள முடிவுக்கு அவையில் அமைச்சரும் பொறுப்பு என்பதே ஏற்பாடு. அப்படியானால், நாம் தேர்ந்தெடுத்தவரைக் கேள்வி கேட்கும் இடம் அவை மட்டுமே. அறிக்கை அவைக்கு வந்த பிறகே அந்தக் கேள்விக்கு வழி பிறக்கும்.

இங்கேதான் ஓர் இடைவெளி இருக்கிறது. மத்திய அரசின் கணக்கு குறித்த அறிக்கையைக் குடியரசுத் தலைவரும், மாநிலக் கணக்கு குறித்ததை ஆளுநரும் அவையில் வைக்கச் செய்ய வேண்டும் என்கிறது 151-ஆவது பிரிவு. எத்தனை நாளுக்குள் என்று அது சொல்லவில்லை. தேர்தலுக்குப் பிறகு வந்து சேரும் அறிக்கை வாக்காளருக்குப் பெரிதாக உதவாது. கையொப்பமான அறிக்கையை அடுத்த கூட்டத்தொடரின் முதல் வாரத்திலேயே வைத்தாக வேண்டும் என்று விதி செய்வது, நியாயமான முதல் திருத்தமாகத் தோன்றுகிறது.