தலைவிதியும் ஜெல்லி மீனும்

ஒருவனுக்கு வியாதி வந்தால் அது கர்மபலன் என்றும், தலைவிதி என்றும், உடம்புக்குள் நடக்கும் காரியம் ஆண்டவனுக்கே வெளிச்சம் என்றும் நமக்குக் காலங்காலமாய்ச் சொல்லப்பட்டு வந்திருக்கிறது. சொன்னவர்களுக்குத் தட்சணை கிடைத்தது. கேட்டவர்களுக்கு வியாதி தீர்ந்ததா என்பதை வாசகர்களே யோசித்துக் கொள்ளட்டும்.

அந்த "உள்ளே நடக்கும் காரியத்தை" இன்று மனிதன் கண்ணாலேயே பார்க்கின்றான். 1961-ல் சிமோமுரா என்னும் ஜப்பானியர் அமெரிக்காவில் ஃபிரைடே ஹார்பர் என்ற கடற்கரை ஊரில் ஆயிரக்கணக்கான ஜெல்லி மீன்களைப் பிடித்து, அவை ஒளி வீசுவதேன் என்று தேடினார். (நம் பக்கத்தில் ஒதுங்கியிருந்தால் "ஜோதியம்மன்" என்று ஒரு கோயிலும் உண்டியலும் ஏற்பட்டிருக்கும்!) அவர் கும்பிடவில்லை; பிழிந்து பார்த்தார். அதில் கிடைத்த பச்சை ஒளிப் புரதத்தை வேறு உயிர்களுக்குள்ளும் உண்டாக்கலாம் என்று 1994-ல் சால்ஃபி காட்டினார். ட்சியன் அதைப் பல நிறமாக்கினார். மூவருக்கும் 2008-ல் நோபல் பரிசு கிடைத்தது.

நிற்க, இதனால் ஏழை நோயாளிக்கு என்ன லாபம் என்று கேட்கலாம். ஒருவகை இரத்தப் புற்றுநோயில் 9-வது, 22-வது குரோமோசோம்கள் துண்டு மாறி ஒட்டிக் கொள்வதால் பி.சி.ஆர்.-ஏ.பி.எல். என்றொரு புரதம் உண்டாகி, மற்றப் புரதங்களின் மேல் ஓயாமல் பாஸ்பேட்டை ஏற்றி, அணுக்களைக் கட்டுமீறிப் பெருக வைக்கின்றது. இதை அடக்கும் இமாட்டினிப் என்ற மருந்தை 2001-ல் அமெரிக்கா அனுமதித்தது. ஆனால் அது எல்லோருக்கும் கேட்பதில்லை. யாருக்குக் கேட்கும் என்பதல்லவா உயிர் போகிற கேள்வி?

2010-ல் ஜப்பானின் ஹொக்கைடோ சர்வகலாசாலையார் இதற்கொரு கருவியை வெளியிட்டார்கள். கருவியென்றால் இரும்பல்ல, அதுவும் ஒரு புரதமே. பாஸ்பேட் ஏற்றப்படும் புரதமொன்றின் ஒரு நுனியில் நீல ஒளிப் புரதத்தையும், மறு நுனியில் மஞ்சள் ஒளிப் புரதத்தையும் கோத்தார்கள். பாஸ்பேட் ஏறினால் நடுப்புரதம் மடங்குகிறது; நுனிகள் நெருங்குகின்றன. ஒரு மில்லிமீட்டரை லட்சம் பங்கிட்டால் வரும் ஒரு பங்குக்குள் அவை நெருங்கினால்தான் நீலத்தின் சக்தி மஞ்சளுக்குத் தாவும். நோயாளியின் அணுக்களில் இதைச் செலுத்தி மருந்தை விட்டுப் பார்க்கின்றார்கள். மஞ்சள் தணிந்து நீலம் ஏறினால் மருந்து கேட்கிறது. ஏறாவிட்டால் வேறு மருந்தைத் தேட வேண்டியதுதான்.

இதில் நாம் மெச்சுவது மற்றொன்று. இத்துறையார் தங்கள் கருவியையே சந்தேகிக்கின்றார்கள். பாஸ்பேட் உட்காரும் இடத்தை மாற்றி, வேண்டுமென்றே வேலை செய்யாத கருவியொன்றையும் உண்டாக்கிப் பக்கத்தில் வைத்துப் பார்க்கின்றார்கள். அதிலும் நிறம் மாறினால் முதலில் கண்டது புரட்டு என்று தாங்களே தள்ளி விடுகின்றார்கள். எந்தப் பூசாரியாவது மந்திரிக்காத விபூதியையும் ஒருவனுக்குக் கொடுத்து வித்தியாசம் பார்த்ததுண்டா?

"உள்ளொளி எங்கள் வேதத்திலேயே இருக்கிறது" என்று நாளைக்கே ஒரு சாஸ்திரியார் மேடையேறக் கூடும். இருக்கட்டும். அதை ஓதினவர்களில் ஒருவராவது, இன்ன நோயாளிக்கு இன்ன மருந்து கேட்கும் என்று இத்தனை காலத்தில் ஏன் சொல்லவில்லை?