அன்னதானமும் நீதியும்

பௌர்ணமி இரவில் திருவண்ணாமலை கிரிவலப் பாதையில் அன்னதானத்துக்குக் குறைவிருக்காது. பசித்தவனுக்குச் சோறு போடுவது பெரிய தர்மம்தான். ஆனால் அவன் ஏன் பசியோடு இருக்கிறான் என்று கேட்பது வேறு வேலை. அதற்குப் பாராட்டு கிடைக்காது. பல நேரங்களில் வழக்குதான் கிடைக்கும்.

இந்த இரண்டாவது வேலையையும் இயேசு சபை 1975-லேயே தன் கடமையாக ஏற்றுக்கொண்டது. ரோமில் கூடிய அதன் 32-வது பொதுப்பேரவை, விசுவாசத்தையும் நீதியையும் பிரிக்க முடியாது என்று தீர்மானித்தது. தீர்மானம் போடுவது எளிது. அதற்கு விலை கொடுத்தவர் திருச்சிப் பக்கத்தில் பிறந்த ஸ்டேன் சுவாமி அடிகளார்.

ஜார்க்கண்ட் ஆதிவாசிகளின் நில உரிமைக்காகவும், விசாரணைக் கைதிகளாகவே சிறையில் கிடந்த இளைஞர்களுக்காகவும் அவர் போராடினார். 2020 அக்டோபரில் பீமா கோரேகான் வழக்கில், உபா சட்டத்தின் கீழ் கைதானார். குற்றச்சாட்டுகளை அவர் மறுத்தார். பார்க்கின்சன் நோயால் கை நடுங்கிய அந்த முதியவர், தண்ணீர் குடிக்க ஓர் உறிஞ்சு குழலுக்காக நீதிமன்றத்தை நாட வேண்டியிருந்தது! ஜாமீன் கிடைக்கவில்லை. 2021 ஜூலை 5-ல், 84 வயதில், விசாரணை தொடங்கும் முன்பே கைதியாகவே மறைந்தார்.

அவர் படத்துக்கு மாலை போட்டால் மட்டும் போதுமா? தலித் கிறிஸ்தவர்களுக்குத் தனிக் கல்லறை ஒதுக்கும் ஊர்கள் தமிழகத்திலேயே உண்டு. ஜார்க்கண்டில் கேட்ட கேள்வியைச் சொந்தக் கோயில் வாசலிலும் கேட்கும்போதுதான் 1975-ன் தீர்மானம் முழுமை பெறும்.