முதலில் கேட்க வேண்டியது: தொழில் யாருடையது?

சமூகத் தொழில்முனைவைச் சமூகப் பணியாளர்கள் கையில் எடுக்கலாமா என்ற விவாதம் எங்கள் அமைப்பின் உறுப்பினர்களிடையே சில காலமாக நடந்துவருகிறது. எடுக்கலாம் என்பதே எங்கள் நிலைப்பாடு. ஆனால் தொழிலின் உரிமையும் கணக்குப் புத்தகமும் அதில் உழைக்கும் மக்களிடமே இருக்க வேண்டும்.

செங்கல்பட்டு மாவட்டம் வடநெம்மேலியில் இயங்கும் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்தைப் பாருங்கள். 1972-இல் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் வந்ததையடுத்துப் பாம்புத் தோல் வணிகம் முடங்க, அதை நம்பியிருந்த இருளர்களின் பிழைப்பும் போனது. 1978-இல் பாம்பு ஆய்வாளர் ரோமுலஸ் விட்டேக்கரின் முயற்சியோடு சங்கம் உருவானது. நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகியவற்றைப் பிடித்து, நஞ்செடுத்து, மீண்டும் காட்டில் விட்டுவிடுகிறார்கள். நஞ்சு விஷமுறிவு மருந்து தயாரிப்பவர்களுக்குப் போகிறது. தடம் பார்த்துப் பாம்பைக் கண்டுபிடிக்கும் திறமையை யாரும் அவர்களுக்குக் கற்றுத் தரவில்லை. அமைப்பாகத் திரட்டுவது, பதிவு, அனுமதி, சந்தை: வெளியிலிருந்து வருபவருக்கு உள்ள வேலை இவ்வளவுதான். சமூகப் பணியாளருக்கு நன்றாக வரக்கூடிய வேலையும் இதுதான். ஆனாலும் எத்தனை பாம்பு பிடிக்கலாம் என்பதை அரசு அனுமதிதான் தீர்மானிக்கிறது. ஆகவே தொழில் தொடங்கிவிட்டதால் மனு எழுதுவதையும் அதிகாரிகளைச் சந்திப்பதையும் விட்டுவிட முடியாது.

மறுபக்கமும் உண்டு. 2010 ஆகஸ்டில் நுண்கடன் நிறுவனமான எஸ்.கே.எஸ். மைக்ரோஃபைனான்ஸ் பங்குச் சந்தைக்கு வந்தது. அதே ஆண்டு அக்டோபரில், கடன் நெருக்கடியும் தற்கொலைச் செய்திகளும் பெருகிய நிலையில், நுண்கடன் வசூலைக் கட்டுப்படுத்த ஆந்திர அரசு அவசரச் சட்டம் கொண்டுவந்தது. ஒருவருக்கொருவர் துணையாக இருக்கக் குழுக்களாகத் திரண்ட பெண்கள், தவணை கட்ட முடியாதவர் வீட்டு வாசலில் போய் நிற்க வேண்டியதாயிற்று. குழுக் கூட்டம் நடத்தத் தெரிந்த எவருக்கும் இது எவ்வளவு எளிதில் நடந்துவிடும் என்று தெரியும்.

ஆகவே, வசூல் இலக்கோடு சம்பளத்தைப் பிணைக்கும் பணியை எங்கள் உறுப்பினர்கள் ஏற்கக் கூடாது. ஆலோசனைக்கு வரும் குடும்பத்திடமே பொருளோ கடனோ விற்கவும் கூடாது. முதியோர் உதவித்தொகை, ரேஷன், மருத்துவம் ஆகியவை உரிமைகள். படுக்கையில் கிடப்பவரிடம் போய், இவற்றுக்குப் பதிலாகத் தொழில் தொடங்கச் சொல்ல முடியாது; அப்படிச் சொல்லும் திட்டங்களை எதிர்ப்போம்.

சமூகப்பணிக் கல்லூரிகளிடம் ஒரு கோரிக்கை: முதுகலை மாணவர்களுக்கு வரவு செலவுக் கணக்கும் கூட்டுறவுச் சட்டமும் கற்றுக்கொடுங்கள். களப்பணியில் ஒரு பருவமாவது ஒரு கூட்டுறவுச் சங்க அலுவலகத்தில் அவர்களை உட்காரவையுங்கள்.