முதல் பனியை நம்பாதே!

சுவிட்சர்லாந்தில் நவம்பர் மாதம் வந்தால் மலைச் சிகரங்கள் வெள்ளை வெளேர் என்று ஆகிவிடும். கோடை முழுவதும் காத்துக் கிடந்தவர்கள், காலில் சறுக்குக் கட்டையை மாட்டிக்கொண்டு புறப்பட்டுவிடுவார்கள்.

காவல் உள்ள சறுக்குப் பாதைகள் பலவும் அப்போது திறந்திருக்காது. ஆகவே, ஆள் இல்லாத மலைச் சரிவுகளைத் தேடிப் போகிறார்கள். ஆசைப்படுவது தவறு அல்ல. அவசரப்படுவதுதான் தவறு!

"பனி கொஞ்சம்தானே? ஆபத்தும் கொஞ்சம்தான்" என்று சிலர் நினைக்கிறார்கள். அது சரியல்ல.

சர்க்கரைப் பனி

அக்டோபரில் விழும் பனி, வெயில் படும் இடங்களில் உருகிவிடும். வெயில் படாத உயரமான வடக்குச் சரிவுகளில் மட்டும் தங்கும். அந்த மெல்லிய பனி, குளிர்ந்த இரவுகளில் சர்க்கரை போல உதிரியாகிவிடும். பிறகு அதன்மேல் புதுப்பனி விழுந்து இறுகும். மணல்மேல் பலகையைச் சாய்த்து வைத்தது போலத்தான்! ஓர் ஆள் மிதித்தால் போதும். அத்தனையும் சரிந்துவிடும்.

சறுக்குவதற்குப் பனி கிடைப்பதும் அதே வடக்குச் சரிவுகளில்தான். ஆசை எங்கே இழுக்கிறதோ, அங்கேயே ஆபத்தும் இருக்கிறது.

பனிச்சரிவில் இறக்கும் சறுக்கு வீரர்களில் பெரும்பாலோர், தாங்களோ தங்கள் கூட்டாளிகளோ மிதித்துக் கிளப்பிய சரிவில்தான் சிக்குகிறார்கள். அப்படியானால், இதைத் தவிர்க்கவும் முடியும் அல்லவா?

எச்சரிக்கை எண்

டாவோஸ் நகரில் உள்ள பனி ஆராய்ச்சி நிலையம், 1945 முதல் எச்சரிக்கை அறிக்கை வெளியிடுகிறது. ஆபத்தை 1 முதல் 5 வரை எண்ணால் குறிக்கிறார்கள். "3 என்றால் நடுத்தரம்தானே" என்று கிளம்புகிறவர்கள் உண்டு. ஆனால், அந்நாட்டில் பனிச்சரிவுச் சாவுகளில் ஏறக்குறைய பாதி, 3-ம் எண் நாட்களில்தான் நேருகிறது!

புதைந்தவரைக் கண்டுபிடிக்க ரேடியோக் கருவி, குத்திப் பார்க்கும் நீண்ட கம்பி, மண்வாரி மூன்றும் அவசியம் வேண்டும். ஆனால், 10 நிமிடம் கடந்தால் பிழைக்கும் வாய்ப்பு மளமளவென்று குறைந்துவிடும். கருவியை நம்பி ஆபத்தில் இறங்கலாமா?

30 டிகிரிக்கு மேல் செங்குத்தான சரிவை விட்டு விலகுவதே நல்லது. காலடியில் பனி "தொம்" என்று அமுங்கினால், உடனே திரும்பிவிட வேண்டும்.

திரும்புவது கோழைத்தனம் அல்ல. மலை எங்கும் ஓடிவிடாது. வீட்டில் காத்திருக்கும் மனைவி மக்களுக்கு வேண்டியது வீரப் பிரதாபம் அல்ல. போனவர் திரும்பி வருவதுதான்!