கேட்கக் கூடாத தட்டு

"தயவுபண்ணி இதைப் போட்டு மட்டும் கேட்டுராதீங்க, சார்!" என்றான் அந்தப் பையன்.

அவன் கையில் இருந்தது ஏழு அங்குல இசைத்தட்டு ஒன்று. லண்டனில் மகள் வீட்டில் தங்கியிருந்தபோது, தெருக்கோடியில் தர்ம காரியத்துக்காகப் பழஞ்சாமான் விற்கிற கடையில், சமையல் புத்தகங்களுக்கு அடியில் கிடந்த ஒரு பெட்டியிலிருந்து இரண்டு பவுண்டு கொடுத்துப் பொறுக்கி வந்தேன். பையன் என் மகளோடு வேலை பார்க்கிறவன். கோயம்புத்தூர்ப் பக்கம், மரியாதை தெரிந்த பிள்ளை. மடி உடுத்திக்கொண்டவர் போல் தட்டின் விளிம்பை மட்டும் விரல் நுனியால் தொட்டு எடுத்தான். விளக்கடியில் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தான். கைப்பேசியைத் தட்டி எதையோ சரிபார்த்துக்கொண்டான். முகம் மலர்ந்துவிட்டது.

"ஒரிஜினல், சார்! 77ஆம் வருஷத்துத் தட்டு. ஊசி படாம வச்சிருந்தீங்கன்னா இன்னும் விலை ஏறும்."

சொன்னவன் தன் பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்து அதற்குள் தட்டைக் குடியேற்றிவிட்டான். வீட்டுக்கு வந்த விருந்தாளி ஆயிற்றே என்று அன்று வாயை மூடிக்கொண்டிருந்தேன். இங்கே எனக்கு அந்த நிர்ப்பந்தம் இல்லை.

அது என்ன தட்டு என்று சொல்லிவிடுகிறேன். மான்செஸ்டரில் பஸ்காக்ஸ் என்று ஒரு கோஷ்டி. நான்கு பையன்கள். பங்க் என்ற சங்கீதம் அப்போதுதான் தலைகாட்டியிருந்தது. லண்டன் கம்பெனிகளின் வாசலில் போய் நிற்க அவர்களுக்குப் பொறுமை இல்லை. நண்பர்களிடமும், பாடகர்களில் ஒருவரான பீட் ஷெல்லியின் தகப்பனாரிடமும் கடன் வாங்கி 500 பவுண்டு சேர்த்தார்கள். 1976 டிசம்பர் 28ஆம் தேதி ஒரு ஸ்டூடியோவில் நுழைந்து, சில மணி நேரத்தில் நான்கு பாட்டுக்களைப் பதிவு செய்துகொண்டு வெளியே வந்தார்கள். மறுமாதமே, நியூ ஹார்மோன்ஸ் என்று தாங்களே ஒரு பெயர் சூட்டி, 'ஸ்பைரல் ஸ்க்ராட்ச்' என்ற தட்டை வெளியிட்டார்கள். முதலில் அடித்தது ஆயிரம். கடைசியில் 16,000 வரை விற்றது. மேலுறைப் படம் அவர்களுடைய காரியஸ்தர் போலராய்டு காமிராவில் எடுத்தது. எத்தனையாவது முயற்சியில் பாட்டு பதிவாயிற்று என்பதைக்கூட ஒளிக்காமல் உறையிலே அச்சிட்டிருந்தார்கள்.

இதில் ஒரு பாட்டில் ஷெல்லி கிட்டாரில் தனி ஆவர்த்தனம் ஒன்று செய்கிறார். அதற்கு இரண்டே ஸ்வரங்கள். திரும்பத் திரும்ப அதே இரண்டு. நம் சபாக்களில் முன்வரிசையில் தொடையில் தாளம் போடும் பெரியவர்கள் கேட்டால் எழுந்து காபிக்குப் போய்விடுவார்கள். ஆனால் அந்தப் பாட்டு சலிப்பைப் பற்றிய பாட்டு. சலிப்பை இரண்டு ஸ்வரங்களில் சொல்லிவிட முடியும் என்று கண்டுபிடித்தவனை நான் வித்வான் என்றுதான் சொல்லுவேன். நீங்கள் சம்மதிக்க வேண்டும் என்பதில்லை.

இந்தத் தட்டு எதற்காகச் செய்யப்பட்டது? பெட்டகத்தில் வைக்கவா? 'எங்களாலேயே முடிந்தது, உன்னால் ஏன் முடியாது?' என்று கேட்பதற்காகச் செய்யப்பட்டது. அதைக் கேட்டவர்கள் பதிலும் சொன்னார்கள். அடுத்த வருஷமே ஸ்க்ரிட்டி பொலிட்டி என்ற கோஷ்டியார் தங்கள் முதல் தட்டின் உறையில், ஸ்டூடியோவுக்கு இவ்வளவு, அச்சுக்கு இவ்வளவு, லேபிளுக்கு இவ்வளவு என்று மளிகைக் கணக்குப் போல் செலவுப் பட்டியலையே போட்டுவிட்டார்கள். வாங்குகிறவன் கணக்கைப் பார்த்துத் தானும் ஒன்று செய்யட்டும் என்பதுதான் எண்ணம். மலிவு அவர்களுக்குக் குறை அல்ல, கொள்கை. அந்த மலிவுப் பொருளை இன்று தங்கக்காசு போல் பஞ்சில் பொதிந்து வைக்கிறவர்கள், தாங்கள் பங்க் ரசிகர்கள் என்றும் சொல்லிக்கொள்கிறார்கள். எனக்கு ஆத்திரம் வருவது அங்கேதான்.

இவர்களுடைய சந்தையில் தட்டுக்கு மதிப்பெண் போடுகிற முறை ஒன்று இருக்கிறது. 'மின்ட்', 'நியர் மின்ட்', 'வி.ஜி. பிளஸ்' என்று தரம் பிரிப்பார்கள். அநேகமாக விளக்கு வெளிச்சத்தில் பார்த்துச் சொல்வதுதான்; ஊசியை வைத்துக் கேட்டுச் சொல்கிறவர்கள் குறைவு. காதால் அறிய வேண்டியதற்குக் கண்ணால் மார்க்கு! பெண் பார்க்கப் போனவன் ஜாதகத்தைப் படித்துவிட்டுப் பெண்ணைப் பார்க்காமலே திரும்புகிற மாதிரி. என் தட்டு 1979ல் மறுபடி அச்சாயிற்று. அந்த உறையில் முதல் பாடகர் ஹவர்ட் டெவோட்டோவின் பெயரையும் சேர்த்திருக்கிறார்கள். உள்ளே இருப்பது அதே நான்கு பாட்டு. ஆனால் அந்தப் பெயர் உறையில் இருக்கிறதா இல்லையா என்பதைப் பொறுத்து விலை ஏறுகிறது, இறங்குகிறது. சங்கீதத்துக்கும் இந்த வியாபாரத்துக்கும் என்ன சம்பந்தம் என்று எனக்குப் புரியவில்லை.

செக்ஸ் பிஸ்டல்ஸ் கதை இன்னும் வேடிக்கை. 1977 மார்ச் 10ஆம் தேதி பக்கிங்ஹாம் அரண்மனை வாசலில் மேஜை போட்டு ஒரு கம்பெனியோடு ஒப்பந்தம் செய்தார்கள். ஆறு நாளில் கம்பெனி அவர்களைக் கை கழுவிவிட்டது. மகாராணியைப் பற்றிய தட்டு அதற்குள் சுமார் 25,000 அச்சாகியிருந்தது; அநேகமாக அத்தனையையும் அழித்துவிட்டார்கள். தப்பிப் பிழைத்தவை வெகு சில. அதே பாட்டை மே மாதத்தில் வேறொரு கம்பெனி வெளியிட்டு ஊரெல்லாம் கேட்டது. ஆனால் ஆயிரக்கணக்கான பவுண்டுக்கு விலை போவது அந்த அழிக்கப்பட்ட தட்டுத்தான். அதை வாங்குகிறவன் பாட்டை வாங்கவில்லை. மற்றவனிடம் இல்லை என்ற சந்தோஷத்தை வாங்குகிறான்.

சேகரிப்பவர்களே இல்லாவிட்டால் இந்தத் தட்டுக்களில் பாதி குப்பைமேட்டுக்குப் போயிருக்குமே என்பீர்கள். நியாயமான கேள்வி. பங்குக்கு முந்தைய கராஜ் ராக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். 1964ல் பீட்டில்ஸ் அமெரிக்காவுக்கு வந்து போனார்கள். அதற்குப் பிறகு சிற்றூர்ப் பையன்களெல்லாம் கிட்டாரும் கையுமாக மோட்டார்க் கொட்டகைகளில் கூடிச் சத்தம் எழுப்பினார்கள். கராஜ் என்ற பெயர் அந்தக் கொட்டகையால் வந்ததுதான். உள்ளூரில் சில நூறு தட்டுக்கள் அடித்து, பள்ளிக்கூட நடனங்களில் விற்று, பிறகு வேலை வெட்டி என்று போய்விட்டார்கள். மிச்சிகனில் மெக்ஸிக்க வம்சாவளிக் குடும்பங்களின் பிள்ளைகள் செய்த '96 டியர்ஸ்' 1966ல் நாடு முழுவதும் முதலிடம் பிடித்தது, அது விதிவிலக்கு. மற்றவை மறக்கப்பட்டன. தேடிப் பொறுக்கியவர்கள் சேகரிப்பவர்களே. ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் பொறுக்கியதை அவர்கள் என்ன செய்தார்கள் என்று பாருங்கள். லென்னி கேய் என்பவர் 1972ல் அந்தப் பாட்டுக்களில் 27ஐத் திரட்டி 'நக்கெட்ஸ்' என்ற இரட்டைத் தட்டாக ஊருக்குக் கொடுத்தார். பங்க் ராக் என்ற சொல்லை அப்போதே அதன் குறிப்பில் பயன்படுத்தியவர் அவர். பிறகு தாமே கிட்டாரை எடுத்துக்கொண்டு பாட்டி ஸ்மித்தின் பக்கத்தில் போய் நின்றார். 1983ல் டிம் வாரன், இன்னும் ஆழத்தில் புதைந்தவற்றைத் தோண்டி 'பேக் ஃப்ரம் தி கிரேவ்' வரிசையைத் தொடங்கினார். கல்லறையிலிருந்து மீட்டவர்கள் இவர்கள். இன்றைய கனவான்களோ மீட்டதைத் திரும்பப் புதைக்கிறார்கள், கண்ணாடிப் பெட்டியில்.

இன்னொன்று சொல்லுகிறேன். 1978ல் க்ளாஷ் கோஷ்டியைச் சேர்ந்த ஜோ ஸ்ட்ரம்மரும் மிக் ஜோன்ஸும் சான் பிரான்ஸிஸ்கோவில் ஒரு ஸ்டூடியோவில் வேலை செய்துகொண்டிருந்தார்கள். அங்கே காசு போட்டால் பாடும் பெட்டி ஒன்று. அதில் பாபி ஃபுல்லர் கோஷ்டியின் 'ஐ ஃபாட் தி லா' என்ற பழைய தட்டு. ஃபுல்லர் இறந்து பன்னிரண்டு வருஷம் ஆகியிருந்தது. கேட்டார்கள், பிடித்துப்போயிற்று, 1979ல் தாங்களே பாடி வெளியிட்டார்கள். இன்று உலகத்தில் பலருக்கு அந்தப் பாட்டு அவர்கள் குரலில்தான் தெரியும். பாடும் பெட்டியில் கிடந்த தட்டு என்ன தரத்தில் இருந்திருக்கும்? 'மின்ட்' ஆகவா இருந்திருக்கும்? அது பிளாஸ்டிக் உறைக்குள் பத்திரமாகத் தூங்கியிருந்தால் அவர்கள் காதில் எப்படி விழுந்திருக்கும்?

பணத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. இந்த விலையேற்றத்தில் பாடினவனுக்குத் தம்பிடி கிடையாது. 'லூயி லூயி' பாட்டை எழுதிய ரிச்சர்ட் பெர்ரி கல்யாணச் செலவுக்காக அதன் உரிமையை 750 டாலருக்கு விற்றுவிட்டார். 1963ல் கிங்ஸ்மென் பையன்கள் ஐம்பது டாலர் போலச் செலவழித்து, உயரத்தில் தொங்கிய மைக்கைப் பார்த்துக் கத்தி அதைப் பதிவு செய்தார்கள். ஒரு வார்த்தை புரியவில்லை. ஆபாசமாயிருக்குமோ என்று எஃப்.பி.ஐ. இரண்டு வருஷத்துக்கு மேல் தட்டை வேகம் மாற்றி மாற்றி ஓடவிட்டு ஆராய்ந்து, எந்த வேகத்திலும் புரியவில்லை என்று கைவிட்டது. (அந்த உத்தியோகஸ்தர்களாவது தட்டைப் போட்டுக் கேட்டார்கள்!) பெர்ரிக்கு நியாயமான பங்கு கிடைக்க 1980கள் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. பிரிட்டனில் ஓவியனுக்காவது, படம் ஓரளவு விலைக்கு மேல் கடைகளிலும் ஏலத்திலும் மறுவிற்பனையானால் 2006 முதல் சிறு பங்கு உண்டு. பழைய தட்டு எத்தனை கை மாறினாலும் பாட்டுக்காரன் வேடிக்கைதான் பார்க்க வேண்டும். ஷெல்லி 2018ல் காலமாகிவிட்டார்.

ஊசி பட்டால் தேயுமே என்பது கடைசி வாதம். தேயும். நல்ல ஊசியாக, ஒன்றரை இரண்டு கிராம் பாரத்தோடு ஓடினால் நூற்றுக்கணக்கான தடவை கேட்கலாம். பிறகும் பாட்டு இருக்கும், கொஞ்சம் கரகரப்போடு. செருப்புத் தேயும் என்று கையில் எடுத்துக்கொண்டு நடக்கிறோமா?

இவ்வளவு பேசுகிற நான் அன்று என்ன செய்தேன்? அதையும் சொல்லித்தான் ஆகவேண்டும். பையன் போன பிறகு தட்டை அந்த உறையோடு அலமாரியின் மேல்தட்டில் வைத்தேன். ஆறு வாரம் அதைத் தொடவில்லை. பேத்தி அந்தப் பக்கம் பந்தை உருட்டினால் அதட்டினேன். இரண்டு பவுண்டுக்கு வாங்கியபோது சங்கீதமாக இருந்தது, விலை தெரிந்தவுடன் சொத்தாகிவிட்டது. ராத்திரியில் விழித்துக்கொண்டு, விற்றால் என்ன வரும் என்று மனசுக்குள் ரூபாயாக மாற்றிப் பார்த்ததும் உண்டு. வெட்கக்கேடுதான்.

ஊருக்குக் கிளம்புவதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை பையன் சாப்பிட வந்திருந்தான். மோர்க் குழம்பு சாப்பிட்டுக் கை கழுவினதும் தட்டை எடுத்து மகளுடைய மெஷினில் வைத்தேன். "சார், சார்!" என்று பதறினான். ஊசியை இறக்கிவிட்டேன். முதலில் பொரி பொரிகிற சத்தம். அப்புறம் அந்த நான்கு பேரும் மூச்சு விடாமல் கூடத்துக்குள் பாய்ந்தார்கள். இந்தப் பாட்டுக்களை அவன் கைப்பேசியில் கேட்டிருக்கிறானாம். தட்டில் கேட்டதில்லையாம், வீட்டில் தட்டுக்கள் முன்னூறு!

முதல் பக்கம் முடிந்ததும் விளக்கடியில் கொண்டுபோய்ப் புதுக் கீறல் விழுந்திருக்கிறதா என்று பார்த்தான். பார்த்துவிட்டு, என்னைக் கேட்காமலே மறுபக்கம் திருப்பி அவனே ஊசியை வைத்தான். அந்த இரண்டு ஸ்வரம் வந்தபோது சிரித்துவிட்டான். "இன்னொரு தடவை போடட்டுங்களா, சார்?"

தட்டை மகள் வீட்டிலேயே விட்டு வந்தேன். பிளாஸ்டிக் உறை வீணாகவில்லை. அதில் கறிவேப்பிலையைப் போட்டுக் குளிர்பெட்டியில் வைத்திருக்கிறாள்.