கோல் ஊன்றாமல் ஆழம் தெரியாது



நம் குடும்பக் குழுவில் நேற்று ஒரு படம் வந்தது. ஆர்க்டிக் கடல் பனிக்கட்டியின் மேல் ஒரு கம்பம், அதில் நான்கு கைகள். "செயற்கைக்கோள் மேலிருந்து எல்லாம் பார்க்கும்போது இது தண்டச் செலவுதானே?" என்று நம் மாப்பிள்ளை ஒருவர் கேட்டிருந்தார். பலர் கைதட்டியிருந்தீர்கள். அவர்களில் என்னிடம் மிதத்தல் விதி படித்தவர்களும் உண்டு. அதுதான் வருத்தம்.

மாப்பிள்ளை, கோபம் வேண்டாம். செயற்கைக்கோள் பனிக்கட்டியின் தடிமனைப் பார்ப்பதே இல்லை. நீர்மட்டத்துக்கு மேல் தெரியும் உயரத்தைத்தான் அளக்கிறது. மீதி நம் கணக்கு. ஐஸ்சாட்-2 லேசர் காண்பது பனிக்கட்டிமேல் விழுந்து கிடக்கும் வெண்பனியின் உச்சியை. அந்த வெண்பனியின் ஆழத்தில் 10 செ.மீ. தவறினால், பனிக்கட்டியின் தடிமனில் சுமார் 65 செ.மீ. தவறும். கடல்நீரின் அடர்த்தி 1024, பனிக்கட்டி 915, வெண்பனி 320 என்று வைத்து நீங்களே போட்டுப் பாருங்கள்.

"பழைய சராசரி இருக்கிறதே" என்பீர்கள். அது 1954 முதல் 1991 வரை சோவியத் மிதவை நிலையங்களில் ஆட்கள் தங்கி அளந்தது. வணங்கத்தக்க உழைப்பு. ஆனால் அவர்கள் அளந்தது பல ஆண்டு வயதான பனிக்கட்டியின் மேல். இன்று கடல் தாமதமாக உறைகிறது. அன்று பனிக்கட்டிமேல் தங்கிய வெண்பனியில் ஒரு பகுதி இன்று கடலில் விழுந்து கரைகிறது. தாத்தாவின் சட்டை அளவை வைத்துப் பேரனுக்குத் தைக்கலாமா?

அந்த நான்கு கைகளிலும் மீயொலிக் கருவிகள். ஒலி வெண்பனியில் பட்டுத் திரும்பும் நேரமே தூரத்தைச் சொல்லும். குளிரில் ஒலி மெதுவாகச் செல்வதால் காற்றின் வெப்பநிலையும் வேண்டும். அதையும் மிதவையே அளக்கிறது. ஆளில்லாமல் பனிக்கட்டியோடு மாதக்கணக்கில் நகர்ந்து செய்தி அனுப்புகிறது. 2019-20இல் போலார்ஸ்டெர்ன் கப்பல் பனிக்கட்டியோடு மிதந்தபோது அதைச் சுற்றியும் இத்தகைய மிதவைகளை நிறுத்தினார்கள்.

குறை இல்லையா? உண்டு. காற்று ஓரிடத்தில் வெண்பனியைக் குவிக்கும், பக்கத்திலேயே துடைத்துவிடும். நான்கு புள்ளிகள் போதாது. கரடி தள்ளிவிடும். குறைந்தது வெண்பனியா, அடியிலுள்ள பனிக்கட்டியா என்றும் கருவிக்குத் தெரியாது. ஆகவே இன்னும் பல கம்பங்கள் வேண்டும் என்பதே என் வாதம்.

மறுப்பு இருந்தால் எழுதுங்கள். ஆனால் கணக்கோடு எழுதுங்கள், மதிப்பெண் உண்டு.