பிரிக்காத இரண்டாம் தொகுதி

சாயங்காலம் ஐந்தரை மணிக்கு மதுரை கே.கே. நகர் லேக் வியூ ரோட்டில் ட்யூஷனுக்குப் போகிற சைக்கிள்களைத் தாண்டி எதிர்ப்பக்கம் போவதே சிரமம். போன வாரம் அந்தக் கூட்டத்திலிருந்து ஒரு பிளஸ் டூ பையனை அவன் அம்மா என் வீட்டுக்கு அழைத்து வந்தார். "பத்தாவதுல கணக்குல தொண்ணூத்தெட்டு எடுத்தவன் சார். இப்ப நாப்பதைத் தாண்ட மாட்டேங்குறான்."

வகை நுண்கணிதத்தின் பயன்பாடுகள் பாடத்திலிருந்து ஒரு கணக்கைக் கொடுத்தேன். கேள்வியை அழகான கையெழுத்தில் எழுதிக்கொண்டான். முதல் வரியில் ஒரு சார்பை வகையிட வேண்டும். பேனா அங்கேயே நின்றுவிட்டது. "சங்கிலி விதி போடுப்பா" என்றேன். "அது பிளஸ் ஒன் சார். எங்களுக்கு நடத்தலை" என்றான். மறுநாள் பிளஸ் ஒன் கணக்குப் புத்தகத்தை எடுத்துவரச் சொன்னேன். இரண்டாம் தொகுதியைத் திறந்தபோது பக்கங்கள் ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருந்தன. பிளஸ் ஒன் பொதுத்தேர்வை எடுத்துவிட்ட பிறகு அந்த வகுப்பை முடித்த முதல் செட் பிள்ளை அவன்.

"பிளஸ் ஒன் மார்க் காலேஜுக்குச் சேராதுன்னு சொன்னாங்களே சார்" என்றார் அம்மா. ஆர்ச்சிலிருந்து மாட்டுத்தாவணி வரை யாரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்கிறார்கள்: பிளஸ் ஒன்னைச் சும்மா பாஸ் பண்ணினால் போதும், பிளஸ் டூ புத்தகத்தை ரெண்டு வருஷம் படித்தால் கட்ஆஃப் அள்ளலாம். இதில் எது உண்மை, எது பொய் என்று பிரித்துச் சொல்லியாக வேண்டும்.

மார்க் சேராது என்பது உண்மை. பொறியியல் கலந்தாய்வுக்கான கட்ஆஃப் 200. கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50. மூன்றும் பிளஸ் டூ மார்க்கிலிருந்துதான்.

ஆனால், பிளஸ் டூ பாடத்தைத் தனியாகப் படித்துவிடலாம் என்பது பொய். நம் பாடநூலையே எடுத்துப் பாருங்கள். முக்கோணவியல், எல்லைகள், வகையிடல், தொகையிடல் எல்லாம் பிளஸ் ஒன்னில் இருக்கின்றன. பிளஸ் டூவில் வருவது நேர்மாறு முக்கோணவியல் சார்புகள், வகை நுண்கணிதத்தின் பயன்பாடுகள், தொகையிடலின் பயன்பாடுகள், வகைக்கெழுச் சமன்பாடுகள். "பயன்பாடு" என்று தலைப்பிலேயே போட்டிருக்கிறார்கள். எதைப் பயன்படுத்துவது என்று தெரியாத பிள்ளை என்ன செய்யும்? விடைகளை உருப்போடும். கேள்வியைக் கொஞ்சம் திருப்பிக் கேட்டால் அன்றைக்கே மாட்டிக்கொள்ளும். இயற்பியலும் அப்படித்தான். விசை, ஆற்றல், ஈர்ப்பு, வெப்பம், அலைவுகள் முழுக்கப் பிளஸ் ஒன் பாடம். பொறியியலில் சேர்ந்த முதல் வருடமே இவற்றின் மேல்தான் கட்டுகிறார்கள். கட்ஆஃப் வாங்கிச் சேர்ந்த பிள்ளை முதல் செமஸ்டர் கணக்கில் அரியர் வைத்துவிட்டு, கூச்சத்தில் வீட்டில் சொல்லாமல் இருந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

அடுத்து, நீட், ஜேஇஇ. இதே வீடுகளில்தான் இரண்டுக்கும் ஆயிரக்கணக்கில் பணம் கட்டுகிறார்கள். இரண்டு தேர்வுக்கும் பிளஸ் ஒன், பிளஸ் டூ இரண்டும் பாடத்திட்டம். பள்ளியில் பிளஸ் ஒன்னைத் தள்ளிவிட்டு, அதே பாடத்தைக் கோச்சிங்கில் காசு கொடுத்து, இன்னும் வேகமாக, இன்னும் புரியாமல் வாங்குகிறோம்.

"அரசாங்கமே பிளஸ் ஒன் பரீட்சையைத் தூக்கிவிட்டதே" என்பது இப்போது புதிதாகக் கேட்கும் வாதம். அந்தப் பரீட்சை ஏன் வந்தது என்பதை மறந்துவிட்டார்கள். இரண்டு வருடமும் பிளஸ் டூ புத்தகத்தையே ஓட்டிய பள்ளிகளைக் கட்டுப்படுத்தத்தான் 2017-ல் அதை அறிவித்தார்கள். முதல் தேர்வு 2018 மார்ச்சில் நடந்தது. அடுத்த சில மாதங்களில், உயர்கல்விச் சேர்க்கைக்குப் பிளஸ் டூ மார்க் மட்டும் போதும் என்றார்கள். 2025 ஆகஸ்டில் மாநிலக் கல்விக் கொள்கை வெளியானபோது, 2025-26 முதல் பிளஸ் ஒன்னுக்குப் பொதுத்தேர்வே கிடையாது என்றானது. பிள்ளைகளின் மன அழுத்தத்தைக் குறைக்கத்தான் இந்த முடிவு. நான் அதை ஆதரிக்கிறேன். ஆனால் எடுத்தது தேர்வை; பாடநூல் அப்படியே இருக்கிறது. பக்கத்தில் கேரளத்தில் இரண்டு வருட மார்க்கையும் கூட்டித்தான் ரிசல்ட் போடுகிறார்கள். அங்கே எந்தப் பள்ளியும் முதல் வருடத்தைத் தள்ள முடியாது. இங்கே அந்தக் காவல் இல்லை, பெற்றோர்தான் காவல்.

முடிந்துபோன வகுப்பை யார் திரும்பிப் பார்க்கப் போகிறார்கள் என்பவர்கள் 2021-ஐ நினைத்துப் பார்க்கட்டும். கொரோனாவால் பிளஸ் டூ தேர்வு ரத்தானது. எட்டு லட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகளுக்கு மார்க் எப்படிப் போட்டார்கள்? பத்தாம் வகுப்பில் அதிகம் எடுத்த மூன்று பாடங்களின் சராசரியில் 50 சதவீதம், பிளஸ் ஒன் எழுத்துத்தேர்வில் 20, பிளஸ் டூ செய்முறை, அகமதிப்பீட்டில் 30. அந்த மார்க்கை வைத்துத்தான் கல்லூரியில் சேர்ந்தார்கள். அது அபூர்வமாக வந்த வருடம்தான். ஆனால் பாலிடெக்னிக் சேர்க்கைக்குப் பத்தாம் வகுப்பு மார்க்கை வருடா வருடம் பார்க்கிறார்கள். கேம்பஸ் இன்டர்வியூவுக்கு வருகிற பல கம்பெனிகள் பத்திலும் பன்னிரண்டிலும் 60 சதவீதம் இருக்கிறதா என்று கேட்ட பிறகே உள்ளே விடுகின்றன.

இதையெல்லாம் சொல்வது பிள்ளைகளைப் பயமுறுத்த அல்ல. சேராத மார்க்கு என்பது அவர்களுக்குக் கிடைத்த பெரிய வரம். பத்தாவதுக்கும் பன்னிரண்டாவதுக்கும் நடுவில், தப்புப் போட்டால் யாரும் கணக்கில் வைக்காத ஒரே வருடம் அது. மெதுவாகப் படிக்கலாம், திரும்பத் திரும்பக் கேட்கலாம். உட்கார்ந்து யோசித்து நாற்பது வாங்கினால்கூட எனக்குச் சம்மதம். அந்த வருடத்தையே பிள்ளையிடமிருந்து பிடுங்கிவிட்டு, மறு வருடம் "ஏன் மார்க் இறங்குது" என்று அந்தப் பிள்ளையையே திட்டுவதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

அந்தப் பையன் இப்போது தினமும் அரை மணி நேரம் முன்னதாக வருகிறான். எல்லைகள் பாடம் முடிந்தது, வகையிடல் ஆரம்பித்திருக்கிறோம். சங்கிலி விதி மூன்றாவது நாளே பிடிபட்டுவிட்டது.

உங்கள் வீட்டில் பிளஸ் ஒன் படிக்கிற பிள்ளை இருந்தால், இன்று ராத்திரி அதன் கணக்குப் புத்தகத்தை வாங்கிப் பாருங்கள். மார்க் கேட்க வேண்டாம். பக்க ஓரத்தில் பென்சில் கோடு ஏதாவது இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். இல்லையென்றால், நாளைக்கே பள்ளிக்கூடத்துக்குப் போய்க் கேளுங்கள்.